'கேஸ்'தான் என்று இருந்துவிட்டோம்!

போன இதழில் நீர்மோர், பானகம், வெள்ளரி விதைப் பால் என்று வெயில் காலத்துப் பானங்களைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டுச் செய்யாற்றிலிருந்து ஒரு சகோதரி கடிதம் போட்டிருந்தார். "அக்கா, எனக்கு மோர் குடித்தாலும் வயிறு எரிகிறது, குடிக்காவிட்டாலும் எரிகிறது. இரண்டு வருஷமாக மெடிக்கல் ஷாப்பில் கேஸ் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஓட்டுகிறேன். இதற்கு ஒரு நல்ல கைவைத்தியம் எழுதுங்களேன்" என்று கேட்டிருந்தார்.

கைவைத்தியம் எனக்குப் பத்துப் பதினைந்து தெரியும். ஓமம் வறுத்துக் கஷாயம் போடலாம், சுக்கு தட்டிப் போடலாம், பெருங்காயத்தை மோரில் கரைக்கலாம். ஆனால் அந்தக் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. எழுத உட்கார்ந்தால் என் மாமியார் முகம்தான் கண்முன் வந்து நின்றது. அதனால் இந்தத் தடவை சமையல் குறிப்பை ஒத்தி வைத்துவிட்டு அவர் கதையைச் சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். ஆரணியில் பட்டு நெசவு வீட்டில் பிறந்தவர். பாவாடை கட்டிய வயசிலேயே ராட்டை முன்னால் உட்கார்ந்து தார் சுற்றிக் கொடுத்தவர். "தறி ஓடுற நேரத்துல சோறு ஏது, தண்ணி ஏது? கை வேலை முடிஞ்சாதான் தட்டுல கை வைக்கணும்" என்பார். வந்தவாசிக்கு மருமகளாக வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. வீட்டில் எல்லோருக்கும் போட்டு அனுப்பிவிட்டு, பதினோரு மணிக்கு மேல் ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ், கடித்துக்கொள்ள ஒரு துண்டு கருவாடு, இல்லாவிட்டால் ஊறுகாய். அதுதான் அவர் காலைச் சாப்பாடு.

நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே அத்தைக்கு வயிற்றுக் கோளாறு உண்டு. நெஞ்சுக் குழியில் எரிகிறது என்பார், ஏப்பம் ஏப்பமாக விடுவார். அலமாரியில் ரோஸ் நிறத்து மருந்து பாட்டில் ஒன்று எப்போதும் இருக்கும். தீர்ந்தால் அடுத்த பாட்டில். நான் டாக்டர் பேச்சை எடுத்தால், "இன்னாம்மா பெரிய டாக்டரு? வாய்வுதான். ரெண்டு ஓமத்தைத் தட்டிப் போட்டா சரியாப் போய்டும்" என்று என் வாயை அடைத்துவிடுவார். நாங்களும் விட்டுவிட்டோம். எந்த வீட்டில்தான் ஒரு பெரியவருக்குக் கேஸ் டிரபிள் இல்லை?

2018 தீபாவளிக்கு அவருக்கு ரவிக்கை தைக்கப் பழைய ரவிக்கையை அளவுக்குக் கொடுத்தேன். தைத்து வந்ததைப் போட்டால் தோளில் நிற்காமல் சரிகிறது. தையற்காரர் மேல் தப்பு இல்லை, அத்தைதான் அவ்வளவு இளைத்துப் போயிருந்தார். தினமும் பார்க்கிற கண்ணுக்கு அது தெரியவில்லை, பாருங்கள்! பிறகுதான் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. இரண்டு வாய் சாப்பிட்டதும் "வயிறு நிறைஞ்சிடுச்சு" என்று தட்டைத் தள்ளிவிடுவது. கறிக்குழம்பு வாசனையே ஆகவில்லை என்பது. கோலம் போட்டு நிமிர்ந்தால் கிறுகிறுப்பு. வெளிக்குப் போவது தார் மாதிரி கறுப்பாக இருந்ததை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவேயில்லை. கடைசியில் டாக்டர் கேட்டபோதுதான் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார். "இதைப் போய் மருமகக்கிட்ட எப்படிச் சொல்றது?" என்று என்னைப் பார்த்தாரே, அந்தப் பார்வை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

ரத்தத்தை டெஸ்ட் செய்தால் ஹீமோகுளோபின் 6-தான் இருந்தது. முதலில் காட்டிய இடத்தில் சத்துக் குறைவு என்று டானிக் கொடுத்து அனுப்பினார்கள். அதில் ஒரு மாசம் போயிற்று. பிறகு வெளியூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். எண்டாஸ்கோப்பி செய்தார்கள். இரைப்பையில் புற்று. ஆபரேஷன் செய்கிற கட்டத்தைத் தாண்டிவிட்டது என்றார்கள். 2019 ஆடி மாசம், தெருவில் அம்மனுக்குக் கூழ் ஊற்றிய வாரத்தில், அத்தை போய்விட்டார். வயசு 66.

அந்த ஆஸ்பத்திரியில் இருந்த பெண் டாக்டர் மிகவும் பொறுமைசாலி. "இது எதனால் வந்தது டாக்டரம்மா? கருவாட்டாலயா, பட்டினியாலயா?" என்று கேட்டேன். அவர் மருந்துச் சீட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு ஒரு இரைப்பையை வரைந்தார். அதற்குள் சுருள் சுருளாகச் சின்னச் சின்னக் கோடுகள் போட்டார். "இதுதான் முக்கியமான ஆள். ஹெலிகோபாக்டர் பைலோரின்னு ஒரு கிருமி. உங்க மாமியார் வயித்துல இருந்து எடுத்த சதைத் துணுக்குல இது இருந்துச்சு" என்றார்.

கிருமியால் புற்றுநோயா! நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவள். கிருமி என்றால் காலரா, டைபாய்டு, சளி, இருமல் இவ்வளவுதான் தெரியும். அதிலும் வயிற்றில் சுரக்கிற அமிலம் எந்தக் கிருமியையும் கொன்றுவிடும் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தோம். டாக்டர்களும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தார்களாம். அதற்கு ஒரு கதை உண்டு. கேளுங்கள், நம் வீட்டு அடுப்படியில் நடக்கிற மாதிரியே இருக்கும்.

ஆஸ்திரேலியாவில் பெர்த் என்ற ஊர். அங்கே ராபின் வாரன், பாரி மார்ஷல் என்று இரண்டு டாக்டர்கள். வயிற்றுப்புண் உள்ளவர்களின் இரைப்பைச் சதையில் சுருள் வடிவக் கிருமி இருப்பதை வாரன் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டார். ஆனால் அதைத் தட்டில் வைத்து வளர்க்கப் பார்த்தால் வளரவேயில்லை. இரண்டு நாள் வைத்துப் பார்ப்பார்கள், ஒன்றும் இல்லையென்றால் தூக்கிப் போட்டுவிடுவார்கள். 1982-ல் ஈஸ்டர் பண்டிகை விடுமுறை வந்தது. தட்டை எடுக்க ஆள் இல்லை. ஐந்து நாள் அப்படியே கிடந்தது. திரும்பி வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருக்கிறது! நாம் மாவு அரைத்து வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டு வந்து பாத்திரத்தைத் திறந்து பார்க்கிற மாதிரிதான். இந்தக் கிருமிக்கு அவசரமே கிடையாது. எல்லாக் காரியத்தையும் நிதானமாகவே செய்யும்.

உலகம் நம்பவில்லை. வயிற்றுப்புண் கவலையால் வருவது, காரத்தால் வருவது என்றே சாதித்தார்கள். மார்ஷல் என்ன செய்தார் தெரியுமா? 1984-ல் அந்தக் கிருமியைக் கரைத்துத் தாமே குடித்துவிட்டார்! மனைவியிடம் விவரமாகச் சொல்லவில்லை. சொன்னால் சம்மதிக்கமாட்டார் என்று அவருக்கே தெரியும். (எந்த நாட்டு ஆம்பிளையாக இருந்தால் என்ன, இந்த விஷயத்தில் எல்லோரும் ஒன்றுதான்.) சில நாளில் வாய் நாற்றம், வாந்தி. பத்தாம் நாள் குழாய் விட்டுப் பார்த்தால் நன்றாக இருந்த இரைப்பை ரணமாகி வீங்கியிருந்தது. அதன் பிறகுதான் மற்றவர்கள் காதைக் கொடுத்தார்கள். இருவருக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. இது புற்றுநோயை உண்டாக்கும் கிருமி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1994-லேயே அறிவித்துவிட்டது. நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த வருஷம் அது. அத்தைக்கு அப்போது 41 வயசு. அந்தச் செய்தி எங்கள் தெருவுக்கு வந்து சேர 25 வருஷம் ஆகியிருக்கிறது.

அமிலத்தில் அது எப்படிப் பிழைக்கிறது என்று கேட்டேன். அதற்கு டாக்டரம்மா சொன்ன விளக்கத்தை நான் நம் பாஷையில் சொல்கிறேன். மாவு அதிகம் புளித்துவிட்டால் ஒரு சிட்டிகை சோடா உப்புப் போட்டு அடக்குகிறோம் இல்லையா? அதே வித்தை. வயிற்றில் இருக்கிற யூரியாவை எடுத்து இந்தக் கிருமி அமோனியாவாக மாற்றுகிறது. அமோனியா காரத்தன்மை உள்ளது. தன்னைச் சுற்றியுள்ள புளிப்பை மட்டும் அடக்கிக்கொண்டு, வால் மாதிரி இருக்கிற இழைகளால் நீந்திப் போய், இரைப்பைச் சுவரின் மேல் இருக்கும் கொழகொழப்பான படலத்துக்குள் புகுந்துகொள்கிறது. அங்கே குடித்தனம் வைத்தால் சிகிச்சை செய்தாலொழிய ஆயுசுக்கும் கிளம்பாது.

இதைக் கண்டுபிடிக்கும் டெஸ்டும் அந்த அமோனியாவை வைத்துத்தான். எண்டாஸ்கோப்பியில் கிள்ளியெடுத்த சதையை ஒரு மஞ்சள் மருந்தில் வைக்கிறார்கள். கிருமி இருந்தால் மருந்து ரோஸ் நிறமாக மாறுகிறது. ஆரத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கரைத்தால் சிவக்கிறதே, அதே கணக்கு.

சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட முடியாது. கிருமியை விரட்ட உடம்பு ரத்த அணுக்களை அனுப்புகிறது. படலத்துக்குள் ஒளிந்திருக்கும் கிருமி சாவதில்லை, ரணம் மட்டும் ஆறாமல் வருஷக்கணக்கில் நடக்கிறது. சில ரகக் கிருமிகள் ஊசி போடுவது போல ஒரு புரதத்தை நம் செல்லுக்குள்ளேயே செலுத்திவிடுகின்றன. அந்தப் புரதம் போனால் எப்போது வளர வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்ற கட்டுப்பாடு செல்லுக்குத் தப்பிப்போகிறது. அமிலம் சுரக்கும் சுரப்பிகள் மெதுவாக வாடுகின்றன. வாடின இடத்தில் குடலில் இருக்க வேண்டிய ஜாதிச் செல்கள் முளைக்கின்றன. நெல் போட்ட கழனியில் கோரை முளைத்தாற்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பாய்க்காகக் கோரை பயிரிடுகிற எங்கள் பக்கத்தாருக்கு அதன் வேகத்தைச் சொல்லித் தர வேண்டாம்! அதன் பிறகு அந்தச் செல்கள் ஒழுங்கு தப்பி வளர்ந்து, கடைசியில் புற்று. இத்தனையும் நடக்க முப்பது நாற்பது வருஷம் பிடிக்கலாம். ஆரணியில் தார் சுற்றின சிறுமியின் வயிற்றில் நுழைந்தது வந்தவாசியில் கிழவியானபின் ஆளைக் கொண்டுபோயிருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் இதைப் படித்துவிட்டு ராத்திரி தூங்கமாட்டீர்கள். இந்தக் கிருமி உலகத்தில் ஏறக்குறையப் பாதிப் பேர் வயிற்றில் இருக்கிறது. நம் நாட்டில் பெரியவர்களில் பாதிக்கும் மேல். அத்தனை பேருக்குமா புற்று வருகிறது? இல்லை. கிருமி உள்ள நூறு பேரில் ஒருவரிலிருந்து மூன்று பேர் வரைதான். பெரும்பாலானவர்களுக்கு ஒரு தொந்தரவும் தெரியாது. சிலருக்கு அல்சர் வரும். அதிலும் ஒரு விசித்திரம், இந்தியாவில் கிருமி இவ்வளவு பரவியிருந்தும் இரைப்பைப் புற்று ஜப்பான், கொரியா அளவுக்கு இல்லை. இதற்கு 'இந்தியப் புதிர்' என்றே மருத்துவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். கிருமியின் ரகம், அது வயிற்றில் குடியேறும் இடம், சாப்பாடு, வம்சம் என்று பல காரணம் சொல்கிறார்கள்.

ஆனாலும் நாடு முழுக்க ஒரே மாதிரி இல்லை. மிசோரமில், முக்கியமாக ஐஸ்வால் பகுதியில், இந்தப் புற்று இந்தியாவிலேயே மிக அதிகம். புகையில் வாட்டின இறைச்சி, புளிக்க வைத்த பன்றிக் கொழுப்பு, புகையிலைப் புகையைத் தண்ணீரில் இறக்கி வாயில் வைத்துக்கொள்ளும் வழக்கம், இவையெல்லாம் அங்கே கிருமிக்குத் துணை போகின்றன. நம் தமிழ்நாடும் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டிய இடம்தான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் 1980-களிலிருந்து சென்னைப் பகுதி நோயாளிகளின் கணக்கை எடுத்து வருகிறது. ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இரைப்பைப் புற்று நெடுங்காலமாக முன்வரிசையில் இருக்கிறது. பெண்களைவிட ஆண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகம்.

கிருமிக்குப் பெரிய கூட்டாளி உப்பு. கருவாடு, உப்புக்கண்டம், ஊறுகாய் என்று மிதமிஞ்சிப் போகும் உப்பு இரைப்பையின் படலத்தை அரித்துவிடுகிறது. இன்னொரு கூட்டாளி பீடி சிகரெட். என் கேள்விக்கு டாக்டரம்மா சொன்ன பதில் இதுதான்: "கருவாடு தனியா செய்யலைம்மா. கிருமி கதவைத் திறந்துச்சு, உப்பு உள்ள வந்துச்சு." கருவாட்டுக் குழம்பை அடியோடு நிறுத்துங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டில் அது மாசத்துக்கு ஒரு தடவை என்று ஆகிவிட்டது. கூழுக்குத் தொட்டுக்கொள்ள மோர் மிளகாய்க்குப் பதில் சின்ன வெங்காயம். பச்சைக் காய்கறியும் பழமும் புத்தம் புதிதாகச் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு. காரம் எரிச்சலைக் கிளப்புமே தவிர, கிருமியைக் கொண்டுவருவதில்லை.

பின்னே எப்படித்தான் வருகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் கேட்டபோதுதான் எனக்குக் கை கால் ஓடவில்லை. "பெரும்பாலும் சின்ன வயசிலேயே, வீட்டுக்குள்ளேயே ஒருத்தர்கிட்டேர்ந்து ஒருத்தருக்கு வந்துடும். எச்சில், வாந்தி, கழுவாத கை, சுத்தமில்லாத தண்ணி. பெரியவங்க மென்னு குழந்தைக்குக் கொடுக்கிறதும் ஒரு வழி" என்றார்.

மென்று கொடுப்பது! என் மகளுக்குப் பல் முளைக்கிற வயசில் அத்தை திண்ணையில் உட்கார்ந்து, வறுத்த மல்லாட்டையைத் தோல் நீக்கி, மென்று கூழாக்கி, விரலால் எடுத்து அவள் வாயில் வைப்பார். குழந்தை குருவிக் குஞ்சு மாதிரி வாயைத் திறக்கும். அதைப் பார்த்து நானும் முறுக்கை அப்படிக் கொடுத்திருக்கிறேன். அதில் இருந்தது பாசம்தானே? அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்கும் அவர் அம்மா அப்படித்தான் ஊட்டியிருப்பார்.

என் மகள் இப்போது ஒரு பிள்ளைக்குத் தாய். 2024-ல் பிறந்தான். போன மாசம் என் அம்மா வந்திருந்தபோது அதே காட்சி, அதே மல்லாட்டை. என் மகள் பதறிப்போய், "ஆயா, வேணாம்! எச்சில் பண்ணித் தராத!" என்று கத்திவிட்டாள். என் அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "உங்களையெல்லாம் இப்படித்தான்டி வளர்த்தேன், நல்லாத்தானே இருக்கீங்க?" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகளைக் கோபிப்பதா, அம்மாவைச் சமாதானம் செய்வதா? கடைசியில் இஞ்சி தட்டும் சின்னக் கல் உரலை எடுத்துக் கழுவி அம்மா கையில் கொடுத்து, "இதுல நைஸா இடிச்சு, சோத்துல பிசைஞ்சு ஊட்டும்மா. நீ ஊட்டினாதான் அவன் சாப்பிடறான்" என்றேன். இப்போது அந்த உரல் அவருக்கென்றே ஆகிவிட்டது. கல்லில்லாமல் சலித்துத்தான் வைக்கிறார். மல்லாட்டையை முழுசாகக் கொடுத்தால் புரையேறும், அது வேறு ஆபத்து.

இளம் தாய்மார்கள் பயந்துகொண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு டெஸ்டுக்கு ஓட வேண்டாம். தொந்தரவு இல்லாத குழந்தைகளுக்கு இந்த டெஸ்ட் தேவையில்லை என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுங்கள். கக்கூஸ் போய் வந்தபிறகும் சமைக்குமுன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஒரே ஸ்பூனால் பாட்டியும் பேரனும் பாயசம் குடிக்க வேண்டாம். அவ்வளவுதான்.

டெஸ்ட் செய்ய வேண்டியவர்கள் வேறு. அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர் யாருக்காவது இரைப்பைப் புற்று வந்திருந்தால் கட்டாயம் செய்துகொள்ள வேண்டும். அப்படிப் பார்த்தால் எங்கள் வீட்டில் முதல் ஆள் என் வீட்டுக்காரர். பாய்க் கடையில் கணக்கு எழுதுகிறார். "எனக்கு இன்னா? கல்லைத் தின்னாலும் செரிக்கும்" என்று மார் தட்டினார். கொரோனாவைச் சாக்காக வைத்து ஒரு வருஷத்துக்கு மேல் தள்ளிப்போட்டார். நானும் விடவில்லை. கொரியாவில் இப்படிப் புற்று வந்தவர்களின் ரத்த சொந்தங்கள் 1,676 பேரை ஒன்பது வருஷத்துக்கு மேல் கவனித்து 2020-ல் வெளியிட்ட கணக்கை மகள் படித்துச் சொன்னாள். கிருமிக்கு மருந்து சாப்பிட்ட 832 பேரில் 10 பேருக்குத்தான் புற்று வந்தது. மருந்து என்று சொல்லி வெறும் மாத்திரை கொடுக்கப்பட்ட 844 பேரில் 23 பேருக்கு வந்தது. பாதிக்கு மேல் குறைகிறது! கணக்கு எழுதுகிறவர் அல்லவா, கணக்குக்கு மசிந்தார். 2021-ல் கிளம்பினோம்.

எண்டாஸ்கோப்பி என்றால் பயப்படுகிறவர்களுக்காக எழுதுகிறேன். ராத்திரி சாப்பிட்டதோடு சரி, காலையில் வெறும் வயிறு. தொண்டையில் மரத்துப்போகிற மருந்து அடித்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, சுண்டுவிரல் தடிமனில் ஒரு குழாயை விடுகிறார்கள். குமட்டும், கண்ணில் தண்ணீர் வரும். வெளியே நின்ற நான் ஒரு மந்திரம் சொல்லி முடிப்பதற்குள் முடிந்துவிட்டது. கிருமி இருந்தது. அது மட்டுமில்லை, இரைப்பையில் சில இடங்கள் ஏற்கெனவே வாடத் தொடங்கியிருந்தன. கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயிற்றுக்குள்ளே! ஒரு நாள்கூட எரிச்சல் என்று சொன்னவரில்லை.

பதினான்கு நாள் மருந்து. ஒன்றுக்கு மேற்பட்ட ஆன்டிபயாடிக், கூடவே அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை. காலையும் ராத்திரியுமாகக் கை நிறைய. நாலாம் நாளே வாயெல்லாம் செம்புக் காசைச் சப்பினாற்போல இருக்கிறது என்றார், வயிற்றுப்போக்கு என்றார், "போதும்மா, செத்திருக்கும்" என்றார். அரைகுறையாக விட்டால் பிழைத்த கிருமி அந்த மருந்துக்கே பழகிப்போய்விடும். நம் நாட்டில் ஏற்கெனவே பல மருந்துகளுக்கு அது அசைவதில்லை. காய்ச்சலுக்கும் சளிக்கும் நாமே கடையில் வாங்கித் தின்ற ஆன்டிபயாடிக்கின் புண்ணியம்! அதனால் மாத்திரையை என் கையில் வைத்துக்கொண்டு, அவர் முழுங்கி வாயைத் திறந்து காட்டிய பிறகுதான் காப்பி கொடுத்தேன். நடுவில் ஒரு கல்யாண விருந்துக்குப் போனார். அந்த மாத்திரைகளில் ஒன்றைச் சாப்பிடும்போது ஒரு சொட்டு மதுவும் கூடாது என்று டாக்டர் சொன்னதை அவருடைய சிநேகிதர்களிடம் நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். மானம் போச்சு என்று இரண்டு நாள் பேசவில்லை. போகட்டும்.

மருந்து முடிந்ததும் காரியம் முடிந்தது என்று நினைக்கக் கூடாது. குறைந்தது நாலு வாரம் கழித்துக் கிருமி போயிற்றா என்று மறுபடி பார்க்க வேண்டும். அதற்குக் குழாய் வேண்டாம், மலத்தைச் சோதித்தாலே போதும், அல்லது ஊதச் சொல்லும் டெஸ்ட் ஒன்று இருக்கிறது. அதற்கு இரண்டு வாரம் முன்பாகவே கேஸ் மாத்திரையை நிறுத்திவிட வேண்டும். அது உள்ளே இருந்தால் கிருமி ஒளிந்துகொண்டு, இல்லாத மாதிரி காட்டிவிடும். அவருக்குக் கிருமி போய்விட்டது. ஆனால் வாடின இடங்கள் இருப்பதால் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை குழாய் விட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். 2024-ல் பார்த்ததில் மேலே மோசமாகவில்லை. அடுத்தது 2027.

பூண்டு சாப்பிட்டால் கிருமி சாகாதா என்று எங்கள் தெருவில் கேட்டார்கள். பூண்டு நல்லதுதான், ரசத்தில் தாராளமாகப் போடுங்கள். ஆனால் குடியேறிவிட்ட இந்தக் கிருமியை அது காலி செய்துவிடும் என்று நம்பி மாத்திரையை விட்டுவிடாதீர்கள். எவ்வளவு இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் ரத்தம் ஏறாத பெண்கள் நம்மில் எத்தனை பேர்? அதற்கும் சில சமயம் இந்தக் கிருமி காரணமாக இருக்கிறது. டாக்டரிடம் வாய் திறந்து கேளுங்கள்.

செய்யாற்றுச் சகோதரிக்குத் தனியாகப் பதில் போட்டுவிட்டேன். கைவைத்தியம் ஒன்றும் எழுதவில்லை. இரண்டு வருஷமாகக் கேஸ் மாத்திரை என்றால் முதலில் டாக்டரிடம் போங்கள் என்றும், சில கேள்விகளும் எழுதினேன். உடம்பு இளைத்திருக்கிறதா? இரண்டு வாயிலேயே வயிறு நிறைகிறதா? முழுங்கச் சிரமமா? அடிக்கடி வாந்தியா? வெளிக்குப் போவது கறுப்பாக இருக்கிறதா? (இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுக்கும், அதையும் சொல்லிவிடுங்கள்.) நாற்பது, நாற்பத்தைந்துக்கு மேல் புதிதாக இந்த எரிச்சல் ஆரம்பித்ததா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் நாளைத் தள்ளாதீர்கள் என்று எழுதினேன். அப்படியே ஏதாவது இருந்தாலும், எங்கள் பக்கத்துக்குக் காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அரசாங்கத்தின் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. இந்தக் கிருமியால் இரைப்பையில் வரும் ஒரு வகைக் கட்டி ஆரம்பத்திலேயே தெரிந்தால், கிருமிக்கான மருந்திலேயே பல பேருக்குக் கரைந்துவிடுகிறதாம். சீக்கிரம் போனால் இப்படியும் வழி உண்டு.

நேற்று அவரிடமிருந்து ஒரு வரி வந்தது. "அக்கா, வெள்ளிக்கிழமை டாக்டரிடம் போகிறேன். எங்க அத்தையையும் கூட்டிப் போகிறேன், அவங்களும் பத்து வருஷமா அதே மாத்திரைதான்." போய் வந்து என்ன சொல்கிறார் என்று பார்க்கலாம். பலர் கேட்டிருக்கும் வேப்பம்பூ ரசமும், உப்புக் குறைத்து எலுமிச்சை ஊறுகாய் போடும் முறையும் அடுத்த இதழில்.